மழைக்காலத்தில் நடக்காதவர்கள்

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி முழுக்க மழை அடித்து, விடிகிற நேரத்தில் வெறித்திருந்தது. ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று அனுமதி வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையூரணியில் அம்மாவோடு இருந்தேன். சென்னையில் வாங்கி, அங்கே பிளாட்பார விளிம்பைத் தவிர வேறெதையும் ஏறியிராத என் மவுண்டன் பைக்கும் பஸ் டிக்கியில் கூடவே வந்திருந்தது. தருவைக்குளம் போகிற ரோட்டிலிருந்து விலகி, உப்பளங்களுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகும் ஒரு மண்கரையில் அதை இறக்கினேன். அகல டயர், மண்ணைக் கவ்வும் பற்கள். இதுக்குத்தானே இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம்!

முந்நூறு மீட்டர் போயிருப்பேன். களிமண் டயரில் அப்பி, பிரேக்கில் அடைத்து, சக்கரம் சுற்ற மறுத்தது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கரையின் முதுகில் நான் வந்த வழி முழுக்க ஒரே கோடாகக் கீறியிருந்தது. அந்தக் கீறலில் அதற்குள் தண்ணீர் நின்றது.

எதிரே ஒரு பெரியவர் வந்தார். கையில் மம்பட்டி.

“எந்தூரு தம்பி?”

“இதே ஊர்தான் அண்ணாச்சி.”

“அப்பத் தெரிஞ்சிருக்கணுமே. நீங்க ஓட்டிட்டுப் போயிருவீய. இந்தக் கரைய தை மாசம் நாங்கள்ல கட்டணும்?”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மறந்திருப்பேன்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலை வாசித்தவர்களுக்கு இந்த நிலம் தெரிந்திருக்கும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 பாமே டிகிரி. வெயிலில் காய்ந்து அது 25 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் உப்பு மணி கட்டத் தொடங்கும். பாத்தி பாத்தியாக நீரை மாற்றி மாற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவருவதுதான் உப்பளத் தொழில். அதைத் தாங்கி நிற்பவை மிதித்து இறுக்கிய களிமண் தரையும் சுற்றிலும் கட்டிய மண்கரைகளும் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலையில்லாத தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு சில வருடங்களாக 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மழை ஓய்ந்தபின் முதல் வேலை, சேற்றை அள்ளுவது, தரையை மிதிப்பது, உடைந்த கரைகளைக் கட்டுவது. மண் மீண்டும் பாதையாவது அந்த உடம்புகளால்தான். நான் அதன்மேல் விளையாடப் போயிருக்கிறேன்.

ஈரமான பாதையில் மவுண்டன் பைக் ஓட்டலாமா என்பது சைக்கிள்காரர்களிடையே தீராத சண்டை. அந்தச் சண்டையின் வயது மவுண்டன் பைக்கின் வயதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் ஆவியாகி, மறுபடி அடைக்க வேண்டிவரும். அதனால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பேர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்து ஆட்கள்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அதே ஊர்ப் பக்கத்தில் நடைப்பயணிகள் புகார் சொல்ல, பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988இல் கலிஃபோர்னிய சைக்கிள் சங்கங்கள் கூடி, பின்னாளில் ‘இம்பா’ என்று உலகம் அறிந்த அமைப்பைத் தொடங்கின. பாதையில் தடம் பதிக்காதே, ஈரமண் எளிதில் சிதையும் என்பது அவர்கள் வகுத்த நெறிகளில் ஒன்று.

சைக்கிள்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 1994இல் ஜான் வில்சன், ஜோசப் செனி என்ற இருவர் மான்டானா மலைப்பாதைகளில் மனிதர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மண்ணை அதிகம் பெயர்த்துவிட்டது குளம்பும் காலும்தான், சக்கரம் அல்ல. முன்கூட்டியே நனைத்த பாதையில் அந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இதை வாசித்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ‘பாத்தீங்களா அண்ணாச்சி!’

ஆனால் யோசித்தால் சந்தோஷம் நிற்கவில்லை. கால்தடம் ஒரு கிண்ணம், தண்ணீர் அதில் தேங்கிக் காயும். டயர்தடம் ஒரு வாய்க்கால், சரிவு கிடைத்தால் தண்ணீர் அதிலேயே ஓடி, ஓட ஓட அதை ஆழமாக்கும். அடுத்து வருகிறவர் சேற்றைத் தவிர்க்க ஓரத்தில் போவார், பாதை அகலமாகும். தவிர, அந்த ஆய்வு கேட்ட கேள்வி ‘யார் அதிகம் கெடுக்கிறார்’ என்பது. பெரியவர் கேட்டது ‘யார் சரிசெய்வது’ என்று.

இந்தக் கேள்வியின் பழைய வடிவம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பௌத்த விநயப் பிடகத்தின் மகாவக்கத்தில் மழைக்காலத் தங்கல் பற்றி ஒரு பகுதி உண்டு. புத்தர் ராஜகிருகத்து வேணுவனத்தில் இருந்த சமயம். பிட்சுகள் வெயில், பனி, மழை என்று பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள்: இந்தச் சாக்கியத் துறவிகள் பச்சைப் புல்லை மிதித்து, சிற்றுயிர்களைக் கொன்று, மழையிலும் திரிகிறார்களே, மற்ற சமயத்தார் ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகூட மரத்தில் கூடு கட்டிக்கொண்டு அடங்குகிறதே. புகார் காதுக்கு வந்தபின்தான் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி வந்தது.

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். உலகத்திலேயே மிக மென்மையாக நடப்பதாக நம்பிய கூட்டம் அது. செருப்பில்லாத கால், கையில் ஒரு ஓடு. அவர்களுக்கே தங்கள் தடம் தெரியவில்லை, இருந்த இடத்திலேயே இருப்பவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. விதியில் விலக்கும் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க, பெற்றோருக்கு ஒன்று என்றால் போக, ஏழு நாள்வரை வெளியே போய்வரலாம். தேவைக்கு வழி உண்டு, சும்மா திரிவதற்கு இல்லை.

சமணத்திலும் இதே வழக்கம். மதுரை பக்கம் மாங்குளத்தில் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்கின்றன. இப்படிப்பட்ட குகைகளின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாறைமுகத்தில் வழிந்து படுக்கைக்குள் வராமல் வெளியே சொட்டுவதற்கு. எங்கள் மாவட்டத்துக் கழுகுமலையிலும் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பைக்கில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். துறவிகள் தங்கிய மலைகள் என்றால் தியானம்தான் ஞாபகம் வரும். அந்தக் காடியைப் பற்றித் தெரிந்தபிறகு மழைதான் வருகிறது. கீழே நிலம் நனைந்திருக்கிறது, மேலே ஒருவர் இறங்காமல் இருக்கிறார்.

ஒரு சிக்கல் உண்டு. புத்தரின் விதி ஆஷாட பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும். மகதத்து மழைக்கு அது சரி. தூத்துக்குடியில் அப்போது ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். விதியை நாள்காட்டியிலிருந்து எடுத்தால் தப்பாகிவிடும், மண்ணிலிருந்துதான் எடுக்கணும். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே மூன்று பதில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், ஈரத்தில் உப்பி டயரை விடாது. காயும்வரை அங்கே போகக் கூடாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் கதை தலைகீழ். காய்ந்த செம்மணலில் சக்கரம் புதையும், ஒரு மழைக்குப் பின் மணல் இறுகி சைக்கிளைத் தாங்கும். உப்பளக் கரையோ மண் மட்டுமில்லை, ஒருவருடைய வேலை.

வேறொரு பதிலும் சரித்திரத்தில் உண்டு, அது என்ஜினியர்களின் பதில். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சரக்கு வண்டிகள் மழையில் சாலைகளை உழுதுபோட்டன. 1753இல் ஒரு சட்டம் போட்டார்கள்: சுங்கச்சாலையில் ஓடும் கனத்த வண்டிக்குச் சக்கரம் 9 அங்குல அகலம் வேண்டும். சாலையை உருளை போல் அழுத்தும் என்று நம்பிக்கை. வண்டிக்காரர்கள் அகலச் சக்கரத்தையே நடுவில் புடைத்த மாதிரி செய்து ஓட்டினார்கள், தரையில் படுவது என்னவோ பழைய அகலம்தான். 1816இல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்புக்கு வந்த மெக்கடம், பிரச்சினையையே திருப்பிப்போட்டார். சுமையைத் தாங்குவது அடியிலுள்ள மண்தான். அதைக் காய்ந்தபடி வைத்திருந்தால் எந்த வண்டியையும் அது தாங்கும். எனவே சாலையை உயர்த்து, தண்ணீரை வடியவிடு.

என் தொழில்புத்திக்கு இது உடனே பிடித்துப்போனது. பயனரைத் திருத்தாதே, சிஸ்டத்தைத் திருத்து. ஆனால் மெக்கடத்தின் சாலைக்குக் காசு சுங்கத்திலிருந்து வந்தது. ஓட்டினவன் கட்டினான். உப்பளக் கரையில் நான் எந்தச் சுங்கமும் கட்டவில்லை. எங்கள் ஆபீசில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் புது கோடை லைவில் ஏற்ற மாட்டோம். ஏற்றுகிறவனுக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை ராத்திரி போன் எடுக்கப்போவது வேறொருத்தி என்பதுதான் காரணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியே மூழ்கியது, உப்பளங்களும் தப்பவில்லை. அந்த மழைக்கு முன்னால் ஒரு டயர்தடம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். மழை செய்ததை மழையிடம் கேட்க முடியாது. என்னிடம் கேட்கலாம், கேட்டார்கள்.

தை பிறந்து ஊருக்குப் போனபோது அந்தக் கரைக்கு நடந்தே போனேன். என் தடம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் சரிந்து, உள்ளே மண் கரைந்திருந்தது. என்னால்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பெரியவர் இன்னும் நாலு பேரோடு மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்தது.

“சைக்கிள் எங்க தம்பி?”

“வீட்ல நிக்கி அண்ணாச்சி. இன்னொரு மம்பட்டி இருக்கா?”

சிரித்தார். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நான் போட்ட மண் சரியில்லை என்று ஒரு அக்கா அதை மறுபடி மிதித்து இறுக்கினார்கள். கிளம்பும்போது பெரியவர் கரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பங்குனில வாங்க. நல்லாக் காஞ்சிருக்கும். அப்ப ஓட்டலாம்.”