வேதாளைக் கரையும் எதிர்மறை வினையும்

1549இல் இராமநாதபுரம் கடற்கரையின் வேதாளையில் இயேசு சபைப் பணியாளர் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப்பின் முத்துக்குளித்துறையில் இயேசு சபைப் பணிக்குத் தலைமை ஏற்ற என்றிக்கே என்றிக்கஸ் அடிகள், போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். இலத்தீன் இலக்கண அச்சில் தமிழ் வினையை அடக்குவது எளிதன்று. போர்ச்சுகீசிய மொழியில் மறுப்புச்சொல் வினைக்கு முன்னே தனியாக நிற்கும். ‘செய்யேன்’ என்பதிலோ மறுப்பு வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது, காலமும் காட்டாது.

ஆங்கிலமும் அதே நூற்றாண்டில் மாறிக்கொண்டிருந்தது. ‘ஐ நோ நாட்’ என வினைக்குப்பின் நின்ற மறுப்பு, ‘டூ’ என்னும் துணைவினை நுழைந்ததும் ‘ஐ டூ நாட் நோ’ என முன்னே நகர்ந்தது. துணைவினைகள் பல வந்தால் முதலாவதை அடுத்தே ‘நாட்’ நிற்கும்: ‘ஷுட் நாட் ஹாவ் கான்’. தமிழின் ‘போயிருக்கக் கூடாது’ இதன் நேர்த் தலைகீழ்: முதலில் போதல், பிறகு இரு, கடைசியில் மறுப்பு. 1785 வாக்கில் சுவார்ட்ஸ் பாதிரியார் முயற்சியால் இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி எழுந்தது. என்றிக்கஸ் எதிர்கொண்ட சிக்கல், அங்கே திசைமாறித் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்தது.