புயல் ஓய்ந்த மறுநாள்



நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், பூகோள வகுப்பிலே ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, பனி பஞ்சைப் போல் மெல்லியது என்கிறீர்கள். அது எவ்வாறு ஓர் ஊரையே அழிக்க முடியும்?" என்று வினவினான். "புயல் வீசும்போது மலையிலிருந்து சரிந்து விழும்" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அது பாதி விடையே என்பதைப் பின்னாளில் பயின்று உணர்ந்தேன். மீதிப் பாதியை இன்று கூறுகிறேன்.

ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள் பனிச்சரிவை நெடுங்காலமாக அறிவார்கள். சுவிட்ஸர்லாந்தில் ஆண்டர்மாட் என்னும் ஊருக்கு மேலே ஒரு காடு உண்டு. அக்காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே ஊரார் எழுத்தில் வரைந்து வைத்தனர். சரிவிலே நிற்கும் மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும் என்பதனை அவர்கள் அனுபவத்தால் கண்டிருந்தனர்.

ஆனால் பனி ஏன் சரிகிறது? இதனை ஆராய 1936-இல் சில விஞ்ஞானிகள் டாவோஸ் நகருக்கு மேலுள்ள மலையுச்சியில் பனிக்குடில் ஒன்றில் தங்கி உழைக்கலாயினர். அவர்கள் பனியைக் குழி தோண்டிப் பார்த்தார்கள். மலைமேல் கிடக்கும் பனி ஒரே திரள் அன்று. ஏட்டின்மேல் ஏடு அடுக்கினாற்போல் பல படலங்களால் ஆனது. அவற்றுள் ஒரு படலம் சர்க்கரை மணிகளைப் போல ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும். புயற்காற்று அதன்மேல் புதுப்பனியைச் சுமத்திப் பலகைபோல் இறுக்கிவிடும். சரிவு 30 பாகைக்கு மேற்பட்டதாயின், அடியிலுள்ள நொய்ந்த படலம் முறிந்ததும் மேற்பலகை முழுவதும் வழுக்கிப் பாய்கிறது.

இங்கேதான் அந்தச் சிறுவனுக்கு நான் சொல்லாத பாதி இருக்கிறது. புயல் ஓய்ந்து, வானம் தெளிந்து, வெயில் எறிக்கும் மறுநாளிலும் அந்தச் சுமை மலைமேல் அப்படியே இருக்கிறது. புதுப்பனி பழம்பனியோடு பிணைவதற்குச் சில நாள்கள் வேண்டும். அழகில் மயங்கிப் பனிச்சறுக்கு விளையாட ஏறுகிற ஒரு மனிதனின் எடையே அந்நொய்ந்த படலத்தை முறிக்கப் போதும். தொலைமலைகளில் பனிச்சரிவில் சிக்குவோருள் பெரும்பாலோர், தாமோ தம் கூட்டத்தாரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகின்றனர். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிடில் பிழைப்பது அரிது.

1945 முதல் டாவோஸ் ஆராய்ச்சியாளர்கள் பொதுமக்களுக்குப் பனி அபாய அறிக்கை வெளியிட்டு வந்தனர். ஆயினும் 1951 ஜனவரியில் பல நாள்கள் இடைவிடாது பனி பொழிந்தபோது, காடு காத்த ஆண்டர்மாட்டிலேயே 13 பேர் மாண்டனர். அந்தக் குளிர்காலத்தில் சுவிட்ஸர்லாந்து முழுவதிலும் இறந்தோர் 98 பேர். அதன்பின் சரிவுகளில் எஃகு வேலிகள் எழுந்தன. வீடு கட்டத் தகாத இடங்கள் வரைபடங்களில் குறிக்கப்பெற்றன. 1999 பிப்ரவரியில் மீண்டும் பெரும்பனி பொழிந்தபோது அந்நாட்டில் 17 உயிர்களே பலியாயின. ஆயினும் அண்டை நாடான ஆஸ்திரியாவின் கால்ட்யூர் என்னும் சிற்றூரில், பாதுகாப்பானது என்று கருதிய பகுதிக்குள்ளேயே பனி புகுந்து 31 பேரைக் கொன்றது. அறிவு வளர்ந்தாலும் மலை தன் வலிமையை இழந்துவிடவில்லை.

இன்று ஐரோப்பிய நாடுகள் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றன. ஐந்தாம் படியென்றால் எவரும் வெளியே கிளம்பார். மூன்றாம் படியிலேதான் பலர் உயிரிழக்கின்றனர். நடுத்தரம்தானே என்று துணிந்து செல்வதே காரணம்.

அந்தச் சிறுவன் இன்று என் முன் நின்றால், "தம்பி, இடியோசை கேட்கும்போது எல்லோரும் அஞ்சுவார்கள். ஓசை அடங்கிய பின்னும் ஒரு கணம் நின்று, காலடியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவனே அறிவாளி" என்பேன். மாணவர்களே, அதையே உங்களுக்கும் கூறி விடைபெறுகிறேன்.