கிடையும் தோலும்: காவிரிக் கடைமடையின் ஆட்டு வணிகம்

திருக்கடையூர் என்றவுடன் மணிவிழாக் காணும் தம்பதியரின் கூட்டமே பலருக்கும் நினைவில் எழும். அவ்வூரை உள்ளிட்ட காவிரிக் கடைமடையில் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின் வந்து தங்கும் மற்றொரு கூட்டம் உண்டு. அதனை வரலாற்று நூல்கள் பெரிதும் கண்டுகொண்டதில்லை. இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிவரும் இடையர் கூட்டமே அது. குழுவின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். சு. தமிழ்ச்செல்வி 2003ஆம் ஆண்டில் எழுதிய நாவலுக்கு அச்சொல்லையே தலைப்பாக இட்டார்.

ஆட்டை நாம் இறைச்சியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் தஞ்சைத் தரணியில் ஆட்டின் முதல் விலை அதன் புழுக்கைக்கே கிடைத்தது. பகலில் மந்தை தரிசிலும் வாய்க்கால் கரையிலும் மேயும். இரவில் வேளாளன் காட்டிய வயலில் அடைக்கப்படும். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு மாறும். புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து மண்ணில் இறங்குவதால் வண்டியில் எரு ஏற்றும் செலவே இல்லை. ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்ற பழமொழி இவ்வனுபவத்தில் பிறந்ததாகும். கூலி முன்னர் நெல்லாக அளக்கப்பட்டது; பின்னர் பணமாயிற்று. வறண்ட சீமையின் மந்தைக்குக் கோடையில் தீனி கிடைத்தது, ஈரச் சீமையின் வயலுக்கு உரம் கிடைத்தது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்த இவ்வேற்பாட்டை எந்த அரசும் வகுத்துத் தரவில்லை.

ஆட்டை முதலாகக் கருதும் வழக்கமும் இம்மண்ணுக்குப் புதியதன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று கணக்கிடுகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் ஆடவல்லான் என்னும் அளவையால் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய கொடையாடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகும், மூப்பும் அடையும். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. பெருகிய குட்டிகள் இடையருக்கு உரியவை. முதல் நிலைக்க, அதன் பயன் மட்டும் அறத்துக்குச் செல்லும் இம்முறையைப் படிக்கும்போது நமக்கு வக்ஃபின் நினைவு வராமல் போகாது. சமயம் வேறு, நோக்கம் வேறு. எனினும் கணக்கின் அறிவு ஒன்றே.

கிடையில் கழிந்த கிடாக்கள் பொறையாறு, நீடூர், சங்கரன்பந்தல் போன்ற ஊர்களின் கசாப்புக் கடைகளை அடைந்தபோது ஆட்டுக்கு இரண்டாம் விலை கிடைத்தது. மூன்றாம் விலை தோலுக்கு. நம் சமுதாயத்தின் வரலாறு பெரிதும் பின்னிக்கிடப்பது இந்த இடத்தில்தான். உப்பிட்ட தோல், மண்டி வணிகர் கைமாறித் திருச்சிச் செம்பட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் சென்னைப் பெரியமேட்டுக்கும் சென்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட அத்தோல் கப்பலேறி இலண்டன் சந்தையை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைப் புகுத்தினார். ஆயினும் பட்டைத் தோலின் மதிப்பு உடனே மங்கிவிடவில்லை.

அவ்வருவாய் பள்ளிக்கூடங்களாக மாறியது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததில் தோல் வணிகர்களின் பங்கு பெரிது. 1951இல் திருச்சியில் தோன்றிய கல்லூரி, சென்னைத் தோல் வணிகப் பெருமகனார் ஜமால் முகமது சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பயின்று பட்டம் பெற்றோரில் எத்தனை பேருக்கு இராமநாதபுரத்துக் கீதாரியின் நினைவு வந்திருக்கும்?

ஆடு மேய்த்தலை இழிவாக எண்ண நமக்கு உரிமையில்லை. நபிமார்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததாகவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மேய்ச்சலில் வாழும் ஆடுகள் நாற்பதானால் ஓர் ஆடு, நூற்றிருபத்தொன்றானால் இரண்டு, இருநூற்றொன்றானால் மூன்று என ஜகாத்தை வகுத்த மார்க்கம் இது. குர்பானிச் சட்டமும் சந்தையைத் தொடுகிறது. வெள்ளாட்டுக்கு ஹனபிகள் ஒரு வயது நிறைந்தால் போதும் என்பர். ஷாபிஈகள் இரண்டு வயது கேட்பர். கடற்கரையின் மரைக்காயர் ஊர்களில் ஷாபிஈகள் மிகுதி. ஆகவே வியாபாரி முதலில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறார்.

2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என ஹஜ்ஜுப் பெருநாள் கிடைக்காலத்தின் முடிவை ஒட்டியே வந்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஐ ஒட்டி மந்தைகள் ஊர் திரும்ப ஆயத்தமாகும் காலம் அது. கிடாவை வாகனமேற்றித் தொலைவுக்கு அனுப்பாமல் மேய்ந்த இடத்திலேயே கீதாரியிடம் நேராக வாங்கும் வாய்ப்பு அப்போது நமக்கு இருந்தது. அதனை எத்தனை ஜமாஅத்துகள் எண்ணிப் பார்த்தன?

மேய்ச்சலின் நிலையோ ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. அறுவடைக்கு முன்பே வயலில் தெளிக்கப்படும் உளுந்தும் பயறும் சித்திரை வரை மந்தைக்கு வழிவிடுவதில்லை. இரசாயன உரம் கிடையின் தேவையைக் குறைத்தது. கடலோர நிலங்களை 1990களில் இறால் குட்டைகள் விழுங்கின. அவற்றுக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தபோது உப்பேறிய மண் பல இடங்களில் மேய்ச்சலுக்கும் உதவாமற் போயிருந்தது.

மறுமுனையில் தோலும் வீழ்ந்தது. ஒரு காலத்தில் குர்பானித் தோல்களின் விலை மத்ரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் ஆண்டு வருவாயில் கணிசமான பங்கைத் தந்தது. செயற்கைத் தோலின் போட்டியும் ஏற்றுமதிச் சரிவும் கூடி, அண்மை ஆண்டுகளில் ஆட்டுத் தோலை உப்பிடும் கூலிகூட விலையில் தேறுவதில்லை. பெருநாளன்று தோல் சேகரிக்க வரும் மத்ரஸா மாணவர்களின் வண்டி பல ஊர்களில் நின்றுபோயிற்று. வாங்க ஆளில்லாத தோல்கள் குழி தோண்டிப் புதைக்கப்படுகின்றன.