மோட்டார் காரின் பானெட்டுக்குள் எழும் கீச்சொலி: காரண நிர்ணயம்

மோட்டார் காரின் பானெட்டுக்கு அடியிலிருந்து எழும் கீச்சென்ற சப்தம், பெரும்பாலும் யந்திரத்தின் உட்பாகத்தில் பிறப்பதன்று. யந்திரத்தின் சுழற்சியை வாங்கி ஆல்டர்னேட்டருக்கும், ஏ.சி. கம்ப்ரஸருக்கும், பல வண்டிகளில் தண்ணீர் பம்புக்கும் பவர் ஸ்டியரிங் பம்புக்கும் கொண்டுசெல்லும் பெல்ட்டிலோ, அந்தப் பெல்ட் தழுவி ஓடும் புல்லிகளிலோ, புல்லிகளைத் தாங்கும் பேரிங்குகளிலோ அது பிறக்கிறது. இம்மூன்றில் எது குற்றவாளி என்று தெளிவதே காரண நிர்ணயம். அது தெளியாமல் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வாரமே அதே ஒலியோடு திரும்பி வரும் வண்டிகள் எல்லா வர்க்‌ஷாப்புகளிலும் உண்டு.

இதை ஓர் எல்லைப்பகுதியின் வண்டிகளைக் கொண்டு பார்க்கலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, கேரளத்திலேயே நின்றுவிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் முதலிய எல்லைக் கிராமங்கள் உள்ளன. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி நாள்தோறும் இரு மாநிலங்களுக்கும் போய்வரும் இவ்வூர் வண்டிகளை இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கின்றன. கோடையில் கிளைச்சாலைகளின் செம்மண் புழுதியும், பொழியூர் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றும் புல்லிகளின்மீது படிகின்றன. ஆதலால் கீச்சொலியின் காரணங்கள் எல்லாவற்றையும் இச்சிறு நிலப்பரப்பிலேயே கண்டறியலாம்.

மழைக்காலத்தில் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் ஓரிரு நிமிஷம் வீரிட்டுவிட்டுப் பின்பு அடங்கிப்போகும் ஒலியே இங்கு மிகுதியாகக் கேட்கப்படுவது. இரவெல்லாம் படிந்த ஈரம் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையிலுள்ள பிடியைக் குறைக்க, அதே சமயத்தில் யந்திரத்தைக் கிளப்புவதில் செலவான மின்சாரத்தை பாட்டரிக்கு ஈடுசெய்யும் பொருட்டு ஆல்டர்னேட்டர் கனத்த பளுவாக நிற்க, பெல்ட் வழுக்குகிறது; வழுக்கல் அதிர்வாகி ஒலியாக வெளிப்படுகிறது. எப்போதோ ஒருநாள் கேட்டு மறைந்தால் கவலைக்கு இடமில்லை. ஆனால் தினந்தோறும் கேட்பதை மழையின்மேல் பழிபோட்டு விட்டுவிடுவது தவறு. நல்ல பெல்ட் ஈரத்திலும் பெரும்பாலும் மௌனமாகவே ஓடும்.

அம்பாஸடர், பத்மினி வண்டிகளில் இருந்தது ஆப்பு வடிவான ஃபேன் பெல்ட். அதன் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை தாழவேண்டும் என்பது பொது விதி. அதிகம் தாழ்ந்தால், ஆல்டர்னேட்டரின் வேலையைச் செய்த டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பி, மீண்டும் முறுக்குவார்கள். இப்போதைய வண்டிகளில் பள்ளமும் மேடுமாக நீள்வாக்கில் வரிகள் கொண்ட தட்டையான பெல்ட் ஒன்றே பல கருவிகளைச் சுற்றி ஓடுகிறது. அதன் இறுக்கத்தைப் பல வண்டிகளில் ஸ்பிரிங் பொருத்திய டென்ஷனர் தானே பார்த்துக்கொள்கிறது. வெள்ளறடை முதலிய கிழக்குப் பிரதேசங்களில் ரப்பர் தோட்டங்கள் பரந்து கிடந்தாலும், இந்தப் பெல்ட்டுகளுக்கு இயற்கை ரப்பர் ஏற்றதன்று. வெப்பத்தையும் ஓஸோன் வாயுவையும் தாங்கும் செயற்கை ரப்பரே வேண்டும். முன்பு வழக்கிலிருந்த நியோப்ரீன் பெல்ட் வெடிப்பு விட்டுத் தன் மூப்பை அறிவிக்கும். பின்பு வந்த ஈ.பி.டி.எம். பெல்ட்டோ வெடிக்காமலே தேய்கிறது. வரிகளின் பள்ளம் அகன்று ஆழமாகி, நீர் வடிந்தோட வழியற்றுப் போவதால், பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் பெல்ட்டும் மழையில் வழுக்கும். ஆகவே வெடிப்பு இல்லை என்பதைக் கொண்டு பெல்ட் நல்லது என்று தீர்மானிக்கலாகாது.

ஒலியின் இயல்பைக் கூர்ந்து கேட்பது அடுத்த படி. நீண்டு வீரிடும் ஒலி, ஏ.சி.யைப் போட்டாலும், ஹெட்லைட்டை ஏற்றினாலும், பவர் ஸ்டியரிங் பம்பு உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பினாலும் மிகுமானால், அது இறுக்கம் போதாமையின் அடையாளம். சிட்டுக்குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு, யந்திரத்தின் வேகத்துக்கேற்பத் துரிதமாகும் ஒலி, புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமையால் விளைவது. இரண்டையும் பிரித்தறிய, வெயில் நாளில் ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் எட்ட நின்று சிறிது தண்ணீரைத் தெளிப்பார்கள். ஒலி சில விநாடி அடங்கி மீண்டும் எழுந்தால் நேர்க்கோடு பிழைத்தது. தெளித்தவுடனே ஒலி ஓங்கினால் இறுக்கம் குறைந்தது. தண்ணீர் பம்பிலிருந்தோ ரேடியேட்டர் குழாயிலிருந்தோ கசியும் கூலண்ட், அல்லது என்ஜின் ஆயில், பெல்ட்டில் பட்டிருந்தாலும் அது கத்தும். அப்போது கசிவை நிறுத்தாமல் புதுப் பெல்ட் போடுவது வீண் செலவு.

பேரிங்கின் குற்றம் இன்னும் நுட்பமானது. கிரீஸ் வற்றிய பேரிங் முதலில் மெல்லக் கீச்சிடும், பிறகு உறுமும், கடைசியில் கரகரக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை, ஓடும் யந்திரத்தில் ஆல்டர்னேட்டரின் அசையாத கூட்டின்மீதும் பின்பு பம்பின் கூட்டின்மீதும் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்பார்; கெட்ட பேரிங் உள்ள இடத்தில் சப்தம் கணீரென்று ஏறிவரும். இதனினும் உறுதியான உபாயம், யந்திரத்தை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. தண்ணீர் பம்பு அந்தப் பெல்ட்டில் ஓடுவதானால் யந்திரம் குளிர்ச்சியின்றி ஓடுகிறதாகையால், நேரத்தை நீட்டக்கூடாது. ஒலி நின்றுவிட்டால் குற்றம் பெல்ட்டிலோ அது ஓட்டும் கருவிகளிலோதான். பின்பு யந்திரத்தை நிறுத்தி ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்ற வேண்டும்: வழவழவென்று ஓசையின்றிச் சுழல்வது நல்லது, மணல் அரைவதுபோல் விரலுக்குத் தட்டுப்படுவதும், பக்கவாட்டில் ஆடுவதும் மாற்றத்தக்கவை. இந்தச் சோதனைக்குச் சிறிது நேரமே பிடிக்கும். அதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லும் ஆலோசனையை எவரும் ஏற்க வேண்டியதில்லை.

பெல்ட் இல்லாதபோதும் ஒலி தொடருமானால், காற்றுக் குழாயின் வெடிப்பு வழியே காற்று உறிஞ்சப்படும் சீழ்க்கை ஒலியையும், டைமிங் பெல்ட்டின் புல்லிகளையும் ஆராய வேண்டும். குண்டும் குழியுமான பாதையில் மட்டும் கேட்பது பெரும்பாலும் என்ஜின் மவுண்டிங் ரப்பரோ பானெட்டின் கீலோதான்.

கடைகளில் கிடைக்கும் பெல்ட் ஸ்பிரே ஒலியைச் சில நாள் அடக்கும், நோயைத் தீர்க்காது, அதன் பிசுபிசுப்பில் செம்மண் ஒட்டி வரிகளை மேலும் அரிக்கும். ஓடும் பெல்ட்டின் அருகே முண்டு உடுத்தி வேலை செய்வோர் அதன் நுனியை நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். சேலைத் தலைப்புக்கும் துண்டுக்கும் இதுவே விதி. மின்சார ரேடியேட்டர் விசிறி, யந்திரம் நின்ற பின்னரும் திடீரென்று சுழலக்கூடும் என்பதால், கை வைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவது நலம். வழியில் கீச்சொலி சட்டென்று நின்று, அதனுடன் பாட்டரி விளக்கு எரிந்து வெப்பமானியும் ஏறினால், பெல்ட் அறுந்துவிட்டது என்றே கொள்க. அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்காமல், சாலையோரத்தில் அப்போதே யந்திரத்தை நிறுத்திவிடுக.