அரை மில்லிமீற்றர் தோல்

ரொறன்ரோவில் வசிக்கும் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தார். குருநகரில் பிறந்தவர். ஓய்வு நெருங்கும் வயதில் பழைய சிறு படகொன்றை வாங்கியிருக்கிறார். கண்ணாடியிழைப் படகு. பனிக்காலம் முழுவதும் அதைப் பிளாஸ்திக் உறையால் போர்த்தி நிறுத்திவைத்து, இளவேனில் வந்ததும் கழுவி, தேய்த்து, மெழுகு பூசி ஒன்ராறியோ ஏரியில் இறக்குவாராம். எந்த மெழுகு சிறந்தது என்று பக்கத்துப் படகுக்காரர்கள் மணிக்கணக்காக வாதாடுவதைக் கேட்டுக் களைத்துப்போன மனிதர், "எங்கட கரையில என்னடா பூசினவை? பேப்பர்காரன், உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று கேட்டிருந்தார்.

தெரிந்திருக்க வேண்டியவன்தான். ஆனால் இந்த விடயத்தில் நான் ஒருமுறை பத்திரிகையில் பிழையாக எழுதியவன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான் இருக்கும் மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தை நடந்துபோகும் தூரம். கொழும்பின் வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் சங்கமிக்கும் இடம் அது. உரசிப்போன காரின் பூச்சை மீட்கும் பசைகளும் மெழுகுகளும் அங்கே வரிசையாக அடுக்கியிருக்கும். தோழருக்குப் பதில் எழுதுமுன் ஒரு நாள் மாலை அங்கே போய், படகுக்குப் பூசும் மெழுகு இருக்கிறதா என்று ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் சிரித்தார். "போட்டுக்கா, சேர்? எங்கட ஆக்கள் காருக்குத்தான் வாங்குவாங்க" என்றார். அவர் எடுத்துக் காட்டிய டப்பாவில் 'கார்னோபா' என்று அச்சிட்டிருந்தது. பிரேசிலின் வடகிழக்கு வரட்சி மாநிலங்களில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. வெயிலில் ஓலையின் ஈரம் போகாதிருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொள்வது. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். இந்த மெழுகைத் தேடி 1935ஆம் ஆண்டில் ஜோன்சன் மெழுகுக் கம்பனியின் தலைவர் நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானமொன்றில் அமெரிக்காவிலிருந்து பிரேசில்வரை பறந்துபோனார். விமானத்துக்கும் 'கார்னோபா' என்றே பெயரிட்டிருந்தார்கள். பனையை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு இந்தக் கதை கொஞ்சம் பொறாமையை ஊட்டத்தான் செய்கிறது.

நம்முடைய கரையில் பூசியது மெழுகன்று, எண்ணெய். சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். சிறுவனாகக் குருநகர்க் கரைக்குப் போன நாட்களில் வள்ளங்களைக் காணுமுன்பே அந்த நாற்றம் மூக்கில் ஏறிவிடும். பழக்கமில்லாதவர்களுக்குக் குமட்டும். இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1183ஆம் ஆண்டில் ஹஜ் யாத்திரை போன ஸ்பானிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், செங்கடலோரத்து ஐதாப் துறையில் கயிற்றால் தைத்த மரக்கலங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவற்றுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்களாம். மூன்றிலும் சுறா எண்ணெயே மேலானதாம். பூசிய மரம் இளகி இருக்கும், பாறையில் முட்டினால் சட்டென உடையாது என்பது அவர் தரும் காரணம். அந்த மரக்கலங்களுக்கான மரமும் தும்பும் இந்தியாவிலிருந்து போனவை என்றும் குறித்திருக்கிறார். ஆகவே மரத்தோடு எண்ணெய்க் கைப்பக்குவமும் கடலைக் கடந்து போய்வந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

ஆணியடித்துக் கட்டிய வள்ளத்துக்கு எண்ணெய் மட்டும் போதாது. பலகைகளின் இடுக்கில் பஞ்சையோ தும்பையோ உளியால் அடித்து இறுக்கி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். இதற்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணியும் இப்படிப் பராமரிக்கப்பட்ட மரக்கலங்களின் பரம்பரையில் வந்ததுதான். மரக்கலத்தை வைத்திருப்பவன் அதன் உடம்பை விடாது தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கே மரம் காய்கிறது, எங்கே புழு துளைத்திருக்கிறது, எந்த இடுக்கு வாயைத் திறக்கிறது என்று அவனுடைய கைக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கையின் வேலையைத்தான் கண்ணாடியிழை குறைத்துவிட்டது. 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உருக்கிய கண்ணாடியை மயிரிழையாக இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் 1942ஆம் ஆண்டில் ரே கிறீன் என்பவர் அந்த இழையைப் பொலியெஸ்ரர் பிசினில் தோய்த்துப் படகு செய்தார். முதலாவது கண்ணாடியிழைப் படகு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுவே. கால் நூற்றாண்டுக்குள் இந்தத் தொழில்நுட்பம் நம்முடைய கரைக்கு வந்துவிட்டது. அப்படி வந்த கதை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. 1956ஆம் ஆண்டில் நோர்வேக்குப் போன குருநகர்வாசி அன்ரனி இராசேந்திரம், அங்கே மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்று, நோர்வேஜிய மக்களிடம் நிதி திரட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். 1960களின் பிற்பகுதியில் சீநோர் நிறுவனம் பிறந்தது. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் கண்ணாடியிழைப் படகு கட்டும் தளம். நோர்வேயில் இன்று வாழும் பெருந்தொகையான தமிழரின் புலம்பெயர்வுக்கும் முதல் வாசல் அந்தத் தொடர்பே என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. சீநோர் பின்னர் அரச நிறுவனமாகி, மட்டக்குளியிலும் படகு கட்டும் தளம் நடத்தியது.

அத்தகைய தளமொன்றை முதன்முதல் பார்த்தபோதுதான் மெழுகு எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. படகைப் போலவே உட்குழிவான ஓர் அச்சு. அதன் உட்பரப்பில் மெழுகு பூசித் துணியால் பளபளக்கத் தேய்ப்பார்கள். புது அச்சென்றால் திரும்பத் திரும்பப் பல தடவை. ஒட்டாமல் கழன்று வருவதற்காக. மெழுகின்மேல் நிறம் கலந்த ஜெல்கோட் என்னும் பிசின் படலம். அது இறுகும் தறுவாயில் கண்ணாடியிழைப் பாய், அதன்மேல் பிசின், மறுபடி பாய், மறுபடி பிசின். மரவள்ளம் எலும்பிலிருந்து தொடங்கித் தோலில் முடியும். இதுவோ தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கி வளர்கிறது. படகு அச்சிலிருந்து பிரியும்போது காணும் மினுக்கம் அச்சில் தேய்த்த மெழுகு தந்த மினுக்கம். நம் கரைப் படகுகளில் பெரும்பாலானவை தம் வாழ்நாளில் காணும் மெழுகும் அது ஒன்றுதான்.

அந்தத் தோலின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். உள்ளே இருக்கும் இழைக்கும் கடலுக்கும் நடுவே உள்ளது அவ்வளவே. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதன் மேற்பரப்பைச் சிதைக்கும்போது நிறம் மங்கி, தடவினால் கையில் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டும். நீலமும் சிவப்பும் வெள்ளையைவிட விரைவில் வெளுக்கும். மணலில் இழுக்கப்படும் படகின் அடிப்பாகம் தேய்ந்து இழை வெளியே தெரியத் தொடங்கினால் நீர் உள்ளே ஊறும். நாள்பட ஊறிய நீர் படலத்தின் கீழே கொப்புளங்களை உண்டாக்கும். உடைத்தால் புளித்த நாற்றமுள்ள திரவம் வரும்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் மீன்பிடிப் படகுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அழித்தோ சேதப்படுத்தியோ சென்றது. 2005 முழுவதும் படகு வழங்கும் வைபவங்கள்தான். மாளிகாவத்தைப் புதிய செயலகத்தில் இயங்கிய கடற்றொழில் அமைச்சுக்கும் மருதானைக்கும் இடையே செய்தியாளர்களாகிய நாங்கள் அலைந்த காலம். தொண்டு நிறுவனமொன்றின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எழுதிய செய்தியில் 'பராமரிப்புத் தேவையற்ற, ஆயுட்காலம் நீடித்த கண்ணாடியிழைப் படகுகள்' என்றொரு தொடர் இருந்தது. அறிக்கையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கினேன். ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. அந்த நெருக்கடியில் புதிது புதிதாக முளைத்த பட்டறைகள் அனுபவமற்ற கைகளால் கட்டித் தள்ளிய படகுகளில் பல தரமற்றவை என்று ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு பின்னர் எச்சரித்தது. கண்ணாடியிழைப் படகு கட்டுவோருக்கெனப் பயிற்சிக் கைந்நூலும் வெளியிட்டது.

2007இல் கிழக்குக் கரைக்குப் போயிருந்தபோது அத்தகைய படகுகளைக் கண்டேன். இரண்டே ஆண்டில் நீலம் சாம்பலாகியிருந்தது. நன்கொடையாளரின் சின்னம் மட்டும், ஒட்டுத்தாளின் தரம் நல்லதென்பதால், பளிச்சென்று இருந்தது. ஒரு படகின் அடியில் என் விரல் நுனி நுழையுமளவு இழை பிரிந்திருந்தது. "இதுக்கு எண்ணெய் கிண்ணெய் ஒண்டும் வேணாம் எண்டு தந்தவங்க, தம்பி. பேப்பரிலயும் போட்டிருந்ததாம்" என்றார் உரிமையாளரான முதியவர். அதை எழுதியவன் நானே என்று அவரிடம் சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. எந்தப் பத்திரிகையும் அந்த வகைப் பிழைக்குத் திருத்தம் போடுவதில்லை. காலங்கடந்தாலும் இங்கே போடுகிறேன்: அந்தத் தொடர் பிழையானது.

பராமரிப்புக் குறைவு என்றால் சரி. இல்லவே இல்லை என்பதுதான் பொய். மரவள்ளம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் வாய் திறந்து ஒழுகிக் காட்டும். கண்ணாடியிழை ஒரு முறைப்பாடும் செய்யாமல் மெல்ல மங்கும். வடக்கில் போர்க்காலத் தடைகளால் கடலுக்கு இறங்க முடியாமலும் உயர்பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்டும் கரையிலேயே கிடந்த படகுகளை நினைத்துக்கொள்கிறேன். கடல் தீண்டாத படகையும் வெயில் விடவில்லை. மெழுகுக்கு அங்கே யாரும் காசு தேடியிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓலைக் கிடுகால் நிழல் கட்டலாம். நன்னீரால் உப்பைக் கழுவலாம். இழுக்குமிடத்தில் உருளைக் கட்டை போடலாம். அடியில் இழை தெரிந்த அன்றே உலர்த்திப் பிசின் பூசி மூடலாம். இவ்வளவையும் படகோடு சேர்த்து ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால்கூடப் போதும். மெழுகைவிட நிழல் மேலானது என்று இன்றும் கருதுகிறேன்.

தோழருக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். முதலில் மென்மையான சவர்க்காரமும் நன்னீரும். மங்கியிருந்தால் மட்டும் தேய்ப்புப் பசை; ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லிமீற்றரிலிருந்து கொஞ்சத்தை எடுத்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அழுக்கின்மேல் மெழுகு பூசினால் அழுக்குத்தான் பாதுகாக்கப்படும். வெயிலில் வைத்துப் பூசக்கூடாது, மெழுகு காய்ந்து கோடு விழும். நீர்மட்டத்துக்குக் கீழே பாசி பிடியாத வர்ணம் அடிக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பகுதியில் மெழுகே வேண்டாம், வர்ணம் பிடிக்காது.

மறுநாளே பதில் வந்தது. போன வாரந்தான் அடிமுதல் நுனிவரை மூன்று தடவை பூசி முடித்தாராம். இப்போது கரைப்பானால் துடைத்து, அரத்தாளால் உரைத்துக்கொண்டிருக்கிறார்.