ஒப்படைத்தல் என்னும் சொல்

பெரு நாட்டிலோ அர்ஜென்டினாவிலோ பேருந்து நிலையத்துக்குச் செல்வோர், பயணச்சீட்டு வழங்குமிடத்துக்கு அருகிலேயே 'என்கொமியெந்தா' என்று எழுதப்பட்ட மற்றொரு சாளரத்தைக் காணலாம். வெளியூர் உறவினருக்குப் பொட்டலம் அனுப்புமிடம் அது. கயிறு கட்டிய பெட்டியைப் பெற்றுக்கொண்டு சீட்டு எழுதித் தருவார்கள். அங்கு நிற்போருக்கு அச்சொல்லின் பொருள் பொட்டலம், அவ்வளவே.

அச்சொல்லின் வினைவடிவம் 'என்கொமெந்தார்'. ஸ்பானிய மொழி பேசும் குருக்களும் துறவியரும் இரவுச் செபத்தில் தங்கள் உயிரை இறைவனின் கைகளில் வைக்கும்போது சொல்வது இவ்வினையைத்தான். சிலுவையில் ஆண்டவர் தம் உயிரைத் தந்தையிடம் கையளித்ததைக் கூறவும், இறப்பவரின் ஆன்மாவை இறைவனிடம் ஒப்புக்கொடுக்கவும் இதுவே வழங்குகிறது. நம் தமிழில் 'அடைக்கலம்' என்பது ஏறக்குறைய இதற்கு நிகர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்ததை நாம் அறிவோம். அடைக்கலம் பெற்றவர் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை, கடன்பட்டவராகவே ஆகிறார்.

செபத்துக்கும் பொட்டலத்துக்கும் இடையே இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அதன் வரலாற்றைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இடைக்கால ஸ்பெயினில் சந்தியாகோ, கலத்ராவா, அல்காந்தரா ஆகிய படைத்துறவு சபைகள் இருந்தன. முகமதியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளை இச்சபைகளின் வீரர்களுக்குப் பொறுப்பாகக் கொடுத்தபோது, அப்பகுதிக்கு 'என்கொமியெந்தா' என்று பெயர். அல்காந்தரா சபையின் அத்தகைய வீரரான நிக்கொலாஸ் தெ ஒவாந்தோ 1502இல் எஸ்பானியோலா தீவுக்கு ஆளுநராக வந்தார். கொலம்பஸ் கண்ட கரீபியத் தீவுகளுள் ஒன்று அது. இன்று அயித்தியும் தொமினிக்கன் குடியரசும் அதில் உள்ளன.

1503 டிசம்பர் 20ஆம் நாள் மெதினா தெல் கம்போ நகரிலிருந்து இசபெல்லா அரசி அவருக்கு ஓர் ஆணை விடுத்தார். தீவின் மக்கள் ஸ்பானியரை விட்டு விலகி ஓடுகின்றனர். ஆகவே அவர்களை வேலை செய்யக் கட்டாயப்படுத்தலாம். ஆயினும் அவர்கள் உரிமையுள்ள மக்கள் ஆதலின் கூலி தரவேண்டும் என்பது அதன் கருத்து. கட்டாயமும் உரிமையும் ஒரே ஓலையில்! இதன்படி ஸ்பானியருக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இன்ன தலைவனின்கீழ் உள்ள இத்தனை இந்தியர் உம்மிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அவர்களைப் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ளும். நம் திருமறையை அவர்களுக்குக் கற்பியும் என்பது அச்சீட்டுகளின் சாரம். இவ்வேற்பாட்டுக்குப் 'பங்கீடு' என்ற பெயரும் வழங்கியது. நேர்மையான பெயர் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நிலைத்ததோ செபத்தின் சொல்.

சட்டத்தின்படி அம்மக்கள் அடிமைகள் அல்லர். அவர்களை விற்க இயலாது. நடைமுறையிலோ அவர்கள் தங்கச் சுரங்கங்களில் மாண்டனர்.

1511 டிசம்பர் 21, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. முந்திய ஆண்டில் அத்தீவுக்கு வந்திருந்த சாமிநாதர் சபைத் துறவியர் கூடி ஒரு மறையுரையை எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு, அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்பவரைப் பேச அனுப்பினர். கொலம்பஸின் மகன் தியேகோவும் அதிகாரிகளும் முன்வரிசையில் இருக்க, இந்தியர்கள் மனிதர் இல்லையா, அவர்களுக்கும் பகுத்தறிவுள்ள ஆன்மா இல்லையா என்று அவர் கேட்டார். சொன்னதைத் திரும்பப் பெறுமாறு அவர்கள் துறவியரை வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறன்று மொந்தெசினோஸ் அதையே மீண்டும் சொன்னார். இந்தியரை வைத்திருப்போரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கமாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அரசு விடையாகத் தந்தவை 1512 டிசம்பரின் புர்கோஸ் சட்டங்கள். கருவுற்ற பெண்ணை நான்கு மாதத்துக்குமேல் சுரங்கத்துக்கு அனுப்பலாகாது. இந்தியரை அடிக்கலாகாது, நாயென்று அழைக்கலாகாது. கோயில் கட்டிச் செபங்கள் கற்பிக்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதென்றால் அங்கு என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர் உய்த்துணரலாம். ஆனால் ஒப்படைப்பு மட்டும் அப்படியே நின்றது. தீமை விதிகளின் குறைபாட்டில் இல்லை என்பது நம் கருத்து. சிலுவையில் ஆண்டவர் ஒப்படைத்தது தம் உயிரை. இங்கே ஒருவர் கொடுத்தார், மற்றொருவர் பெற்றார். ஒப்படைக்கப்பட்டதோ இருவருக்கும் உரிமையில்லாத மூன்றாமவரின் உயிர். அவரை யாரும் கேட்கவில்லை. மறைக்கல்வி அவ்வுயிருக்கு விலையாகக் காட்டப்பட்டது. குருக்களாகிய நமக்கு இது வலிக்க வேண்டிய இடம்.

பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் குருவாயிருந்தும் இந்தியரை வைத்திருந்தார். அதற்காக ஒரு சாமிநாதர் சபைத் துறவி அவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுத்ததுண்டு. வாதத்தில் தோற்றாலும் லாஸ் காசாஸ் இந்தியரை விடவில்லை. கியூபாவில் அரிமாவோ ஆற்றங்கரையில் அவருக்கும் நண்பர் பெத்ரோ தெ லா ரெந்தேரியாவுக்கும் ஓர் ஒப்படைப்பு இருந்தது. 1514இல் தூய ஆவிப் பெருவிழா மறையுரைக்காக அவர் சீராக்கின் நூலைத் திறந்தார். ஏழைகளின் பொருளைப் பறித்துச் செலுத்தும் பலி, தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு நிகர் என்னும் 34ஆம் அதிகாரப் பகுதி அவரை விடவில்லை. ஆளுநர் தியேகோ வெலாஸ்கஸிடம் சென்று, தம் இந்தியரைத் துறப்பதாகக் கூறினார். ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், அதை மேடையிலேயே அறிவித்தார்.

அவரைக் குறையற்றவர் ஆக்க நாம் முயலவில்லை. இந்தியருக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என அவரே பின்னர்ப் பரிந்துரைத்தார். முதுமையில் அதற்காக மனம் வருந்தி எழுதினார்.

1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் இந்தியர் உண்மையான மனிதரே என்று அறிவித்தார். 1542இன் புதிய சட்டங்கள் ஒப்படைப்பு மகனுக்கு வாரிசாகச் செல்வதைத் தடுத்தன. பெருவிலிருந்த ஸ்பானியர் கலகம் செய்து 1546இல் அரசப் பிரதிநிதியையே கொன்றனர். அதற்கு முன்பே, 1545இல், அத்தடையை மன்னர் விலக்கிக்கொண்டிருந்தார். அம்முறை ஒழிய 18ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

லாஸ் காசாஸ் விட்டுக்கொடுத்த இந்தியர் என்ன ஆயினர்? அவரே இதை எழுதிவைத்திருக்கிறார். தாம் அவர்களை இரக்கத்தோடு நடத்தியதையும், தாம் துறந்தால் அவர்கள் சாகும்வரை வேலைவாங்கும் ஒருவர் கைக்குப் போவர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் அவர்களைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேற அவரால் இயலவில்லை. அவர் அஞ்சியபடியே நிகழ்ந்தது. அரிமாவோ கரையின் மக்கள் மற்றொருவரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.