வளைவில் ‘டக் டக்’ சத்தமா? கார் ஆக்சிலை வீட்டிலேயே மாற்றலாமா?

யு-டர்ன் அடிக்கும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’னு கேட்குதா? ஆக்சிலைக் கவனிக்க வேண்டிய நேரம் இது.

அது என்ன வேலை செய்கிறது?
1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய ஸ்விஃப்ட் வரை, பல சிறிய கார்களில் இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களைத்தான். கியர்பாக்ஸிலிருந்து அந்த விசையைக் கொண்டுபோவது ஆக்சில். அதன் இரு முனையிலும் சி.வி. ஜாயின்ட், அதைச் சுற்றி கிரீஸ் நிரம்பிய ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், தூசி உள்ளே போகும். சத்தம் வரும் முன்பே கண்டுபிடித்தால், பெரும்பாலும் உறையை மட்டும் மாற்றினால் போதும்.

வீட்டில் முடியுமா?
முடியும். ஆனால் சமதளமான தரையும் ஜாக் ஸ்டாண்டும் கட்டாயம். காரோடு வரும் ஜாக் ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி அடியில் படுக்காதீங்க.

எப்படி?
1. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள்.
2. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். கியர் ஆயிலை வடியுங்கள்.
3. கீழ் பால் ஜாயின்டைப் பிரித்து, பழைய ஆக்சிலை நெம்பி எடுங்கள்.
4. புதியது உள்ளே முழுசா உட்காரணும். ஆயிலை மறக்காமல் நிரப்புங்கள்.

எங்கே சறுக்கும்?
கடைசி நட்டில். புது நட்டு போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கணும். பல கார்களில் அது சாதாரண வீல் நட்டைவிட மிக அதிகம். லூஸாக விட்டால் வீல் பேரிங் கெடும்.

டார்க் ரெஞ்ச் இல்லையா? ஒர்க்‌ஷாப்புக்கே போங்க.